அஞ்சலையின் இங்கிலீஷ்

வரும் திங்கட்கிழமை முதல் நீங்கள் மாணவர்களை வார்டுக்குள் அழைத்துக்கொண்டு போகப் போகிறீர்கள். பாடம் எப்படி நடத்துவது என்று ரெண்டு வார்த்தை சொல்லுங்கள் மேடம் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் உங்கள் துறைத் தலைவர் ஸ்லைடு போட்டுச் சொல்லிவிடுவார். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு தேர்வு நாளைப் பற்றி. அன்றைக்கு நான் செய்த தப்பும் அதில் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாராக இருந்துவிட்டு, வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் வேலை ஒரு வேடிக்கையான வேலை. நோயாளி தமிழில் வலிக்கிறது என்கிறார். மாணவி தமிழில் கேட்டுக்கொள்கிறாள். அதை மனசுக்குள் இங்கிலீஷாக்கி நம்மிடம் ஒப்பிக்கிறாள். நாம் இங்கிலீஷில் ஒரு கேள்வி போடுகிறோம். அவள் திரும்பி நோயாளியிடம் தமிழில் கேட்கிறாள். கட்டிலில் படுத்திருக்கிறவரோ, பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை புரியாமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் முகமாவது சுருங்கினால் அவர் முகமும் சுருங்கும். இதை நான் தினம் பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்துப் பழகியும் போயிருந்தேன்.

எனக்குப் பாடம் சொன்ன ஒரு பேராசிரியர், பெயர் வேண்டாம், பிரெஞ்சுக்காரர்கள் இங்கே இருந்த காலத்தில் பிரெஞ்சிலேயே மருத்துவம் படித்தவர். ஊர் கை மாறிய பிறகு நடுவயதில் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு எங்களுக்கு நடத்தினார். வயதான நோயாளிகள் அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். கோட்டுப் பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். பாதி வாக்கியத்தில் இங்கிலீஷ் வார்த்தை வராவிட்டால் எங்கள் எதிரிலேயே எடுத்துப் பார்ப்பார், கொஞ்சமும் கூச்சப்பட மாட்டார். முதல் நாளே எங்களுக்கு ஒரு சட்டம் போட்டார். "நோயாளிகிட்ட இங்கிலீஷ் பேசாதீங்க. என்கிட்ட தமிழ் பேசாதீங்க."

நான் ஆசிரியை ஆனதும் அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டேன். பின்பாதியை மட்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. நானே தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள். முதல் வருஷம் கேள்விக்கு விடை தெரிந்தும் வார்த்தை வராமல் நின்ற அவமானம் என் பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். நினைப்பு நல்லதுதான். நீச்சல் பழகட்டும் என்று கிணற்றில் தள்ளிவிடுகிறவர்களும் நல்ல எண்ணத்தில்தான் தள்ளுகிறார்கள். என் வார்டில் மாணவர் வாயிலிருந்து தமிழ் வந்தால் "இன் இங்கிலீஷ்" என்று ஒரு அதட்டல் போடுவேன். எனக்கு அவர்கள் வைத்த பெயரே இன்-இங்கிலீஷ் மேடம். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அஞ்சலையைச் சொல்ல வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்கு நோயாளிகள் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்து நிற்கும்போது காய்ச்சல்காரரையும் வயிற்றுப்போக்குக்காரரையும் காட்ட முடியாது. அதனால் வார்டு சிஸ்டரிடம் ஒரு நோட்டு இருக்கும். வருஷக்கணக்காக ஒரே வியாதியோடு இருக்கிறவர்களின் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கும். தேர்வுக்கு முதல் நாள் போன் போகும். மறுநாள் காலையில் ஒயர் கூடையோடு வந்துவிடுவார்கள். இட்லி, டீ, ஒரு கட்டில். தேர்வுக் கேஸ் என்று அவர்களுக்குப் பெயர்.

எங்கள் நோட்டில் முதல் பெயர் அஞ்சலை. பாகூர் பக்கத்திலிருந்து அரியாங்குப்பம் பாலம் தாண்டி பஸ்ஸில் வருவார். நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், மூச்சு வாங்குகிறது என்று அதை விட்டுவிட்டு டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போய், ரத்தம் அந்தக் குறுகலில் உருண்டு போகும்போது ஒரு சத்தம் எழும். புத்தகத்தில் எழுதியிருக்கிறபடியே எழும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் தூரத்து இடி மாதிரிக் கேட்கும். அப்படிப்பட்ட சத்தம் ஒரு கல்லூரிக்குக் கிடைப்பது பெரிய யோகம்.

பத்து வருஷத்துக்கு மேல் மாணவர்கள் அவர் கட்டிலோரம் நின்று ஒப்பித்ததையும், நான் திருத்தியதையும் கேட்டுக் கேட்டு, அஞ்சலைக்குத் தன் இதயத்தின் இங்கிலீஷ் மனப்பாடமாகிவிட்டது. "மிட் டயஸ்டாலிக் மர்மர். ரஃப் ரம்ப்ளிங். லோ பிச்சுடு. பெஸ்ட் ஹெர்ட் இன் லெஃப்ட் லேட்டரல் பொசிஷன்." வேறு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. பஸ் டிக்கெட்டில் இருக்கும் எழுத்தைக்கூடப் படிக்க மாட்டார். இதை மட்டும் தடங்கலில்லாமல் சொல்லுவார், என் குரலிலேயே சொல்லுவார்.

அதையும் எடுத்த எடுப்பில் கொடுத்துவிட மாட்டார். முதலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, "காத வச்சிக் கேளு கண்ணு. கேட்டியா? என்னா கேட்டுச்சு?" என்பார். கேட்ட மாணவன் திருதிருவென்று விழித்தால், "இன்னொரு தபா கேளு" என்பார். "உருட்டற மாதிரி கேக்குதும்மா" என்று தமிழில் சரியாகச் சொன்னவனுக்குத்தான் இங்கிலீஷ் கிடைக்கும். எங்கள் துறையில் என்னைவிட நல்ல ஆசிரியை அஞ்சலைதான் என்று நான் விளையாட்டாகச் சொல்லுவேன். இப்போது விளையாட்டாகச் சொல்வதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நெஞ்சைத் திறக்காமலேயே, பலூன் விட்டு அந்த வால்வை விரிக்கலாம். இரண்டு தடவை அஞ்சலையிடம் சொன்னேன். "மாத்திர போதும் டாக்டரம்மா, நெஞ்சுல கை வைக்காதீங்க" என்றார். மூன்றாவது தடவை நான் சொல்லவில்லை. பயப்படுகிறவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்தச் சத்தம் எங்களுக்கு வேண்டியிருந்தது.

அந்த வருஷம் துணைத்தேர்வு எழுதியவர்களில் ஒருத்தி மகாலட்சுமி. அரியாங்குப்பத்துப் பெண், அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். அப்பா மில் தொழிலாளி, மில் மூடிய பிறகு ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி. எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்குவாள். கட்டிலோரம் நிற்க வைத்துக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். முதல் தடவை அவள் ஃபெயிலானது என் கேள்வியில்தான். நோயாளியிடம் போனதும் எல்லாரிடமும் முதலில் "யாரு கூட வந்தீங்க? சாப்டீங்களா?" என்று கேட்பாள். "நீ என்ன, கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கிறியா? டைம் போகுது" என்று நானே அதட்டியிருக்கிறேன். அவளோடு படித்தவர்கள் எல்லாம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அதே வார்டில் ஹவுஸ் சர்ஜனாக நடந்துகொண்டிருந்தார்கள். இந்தத் தடவையும் போனால் இனி எழுத வரப்போவதில்லை என்று தோழியிடம் சொல்லியிருந்தாள். அது என் காதுக்கும் வந்திருந்தது.

தேர்வு நாள். வெளித் தேர்வாளர் வடக்கே ஒரு மாநிலத்திலிருந்து வந்தவர், வயதானவர், தமிழில் வணக்கம் தவிர எதுவும் தெரியாது. அதிகம் பேச மாட்டார், சிரிக்கவும் மாட்டார். எனக்கே கொஞ்சம் உதறல்தான்.

அஞ்சலையிடம் மகாவுக்கு முன்னால் இரண்டு பேர் போனார்கள். இருவரும் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். நான் கட்டிலோரம் போனபோது அஞ்சலை என்னைப் பார்த்துச் சிரித்தார். "எப்படி அஞ்சலை, நல்லாருக்கியா?" என்றேன். "மிட் டயஸ்டாலிக் மர்மர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரஃப் ரம்ப்ளிங்" என்று தொடர்ந்தார். "என்ன, இன்னிக்கு ஊர்க்கதை ஒண்ணும் காணோம், வாய்க்குப் பூட்டா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். வழக்கமாக பஸ்ஸில் நடந்த சண்டை, மருமகளின் சமையல், மண்டபத்தில் நின்றுபோன கல்யாணம் எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கிறவர். அன்று எதுவும் இல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளித் தேர்வாளர் முன்னால் மானத்தைக் காப்பாற்றினாள் மகராசி என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அடித்து மகாவை விட்டோம். சீட்டில் அஞ்சலை கட்டில் நம்பர் வந்ததில் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பத்து நிமிஷம்தான் அவளுக்கு. நான் வேறு பக்கம் மார்க் தாளில் கண்ணாக இருந்தேன். நான்கு நிமிஷம் கூட ஆகியிருக்காது.

"மேடம்."

நிமிர்ந்தேன். மகா கட்டிலை விட்டு எழுந்து நின்றிருந்தாள். அஞ்சலையின் கையை மட்டும் விடவில்லை.

"மேடம், இவங்க பேச மாட்றாங்க."

"பேச மாட்றாங்களா? இப்பதான் எங்கிட்ட ஒப்பிச்சாங்க. உன் கேஸப் பாரு, டைம் போகுது."

"இல்ல மேடம், நான் என்னா கேட்டாலும்…"

"இன் இங்கிலீஷ்."

சொன்னது நான்தான். பழக்கம். ஹாலில் வெளித் தேர்வாளர் இருக்கிறார், தேர்வு விதி இருக்கிறது, எல்லாம் சரி. மகாவின் வாய் அப்படியே நின்றது. போன தடவை அவள் இப்படித்தான் நின்றாள். அன்றைக்கு நான் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, போதும் போ என்று அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் கையை அசைக்க இருந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வெளித் தேர்வாளர் பக்கம் திரும்பி, "சார், ப்ளீஸ் சீ" என்றாள். பேனாவை எடுத்து அஞ்சலையின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"அம்மா, இது என்னா?"

அஞ்சலை பேனாவைப் பார்த்தார். வாய் திறந்தது, உதடு அசைந்தது, எதையோ தேடியது. பிறகு, "லெஃப்ட் லேட்டரல்" என்றார். சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினார், அது இல்லை என்பதுபோல. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"சாப்டீங்களாம்மா?"

"லோ… லோ பிச்சுடு."

"யாரு கூட வந்தீங்க?"

"மர்மர்" என்று சொல்லி, அஞ்சலை மகாவின் கையை இறுக்கினார்.

மகா தேர்வாளரை நேராகப் பார்த்தாள். "சார், ஹெர் இங்கிலீஷ் இஸ் கமிங். ஹெர் தமிழ் இஸ் நாட் கமிங். பல்ஸ் ஆல்சோ, சார். இர்ரெகுலர்."

என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான கேஸ்கள் ஒப்பிக்கக் கேட்டிருக்கிறேன். தங்க மெடல் வாங்கியவர்கள், லண்டன் போனவர்கள் எல்லாரையும் கேட்டிருக்கிறேன். அதைவிடச் சிறந்த ஒன்றை நான் கேட்டதில்லை. எனக்குப் புல்லரித்தது.

பேச்சு போகும் பக்கவாதத்தில், நினைத்ததைச் சொல்லும் பேச்சு போன பிறகும் மனப்பாடமாகப் பதிந்துபோனது சிலருக்கு மிஞ்சி நிற்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது மிஞ்சும், சாமி பாட்டு மிஞ்சும். வருஷா வருஷம் இதை நான் அழகான இங்கிலீஷில் வகுப்பெடுத்திருக்கிறேன். இதய வால்வு சுருங்கியவர்களுக்குத் துடிப்பு தாறுமாறானால் உள்ளே ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போகும் என்பதையும் அதே ஸ்லைடில் சொல்லியிருக்கிறேன். இரண்டும் என் கண்ணெதிரே, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மனுஷியின் உடம்பில் வந்து நின்றபோது சிரித்துவிட்டு நகர்ந்து போயிருக்கிறேன். அஞ்சலைக்குத் தமிழ் முழுக்கப் போய்விட்டிருந்தது. நாங்கள் புகட்டிய அந்த நாலு வரி மட்டும் தங்கியிருந்தது. அந்த நாலு வரி போதும் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துவிட்டோம்.

முன்னால் போன இருவரும் நாடித்துடிப்பு ஒழுங்காக இருக்கிறது என்றே எழுதியிருந்தார்கள். ஏன் என்று பிறகு விசாரித்தேன். மாணவர்களின் வாட்ஸாப் குழுவில் எங்கள் தேர்வுக் கேஸ்கள் எல்லாருக்கும் குறிப்பு இருக்கிறதாம், சீனியர் ஜூனியருக்குக் கொடுப்பது. அஞ்சலை பெயருக்கு நேரே எல்லாம் எழுதியிருக்கும், நாடி ஒழுங்கு என்பது உட்பட. அவர்கள் அதைத்தான் எழுதினார்கள், விரல் வைத்துப் பார்த்ததை அல்ல. அவர்களை நான் திட்டவில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

வெளித் தேர்வாளர் ஃபைலை மூடிவிட்டு அஞ்சலையின் மணிக்கட்டைப் பிடித்தார். "எப்போதிலிருந்து?" என்று இங்கிலீஷில் கேட்டார். அதுதான் எல்லாவற்றுக்கும் மூலமான கேள்வி. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைக் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால் போடவே முடியாது. அஞ்சலையைக் கேட்க வழியில்லை.

"எட்டு மணிக்கு நல்லாப் பேசினாங்க மேடம்" என்று சிஸ்டர் ஓடிவந்தார். "இட்லி குடுத்தேன். சட்னில உப்பில்லன்னு எங்கூட ஒரே சண்ட. எட்டு பத்துக்கு நான் டூட்டி நோட்டுல கையெழுத்துப் போட்டேன், அதுக்கு முன்னாடிதான்."

மணி பத்தேகால். இன்னும் நேரம் இருந்தது.

தேர்வு நடக்கும்போது உள்தேர்வாளரான நான் ஹாலை விட்டுப் போகக்கூடாது. வெளித் தேர்வாளர் என்னைப் பார்த்து, "போங்கள். இது காத்திருக்கும், அது காத்திருக்காது" என்றார். ஸ்ட்ரெச்சரை நானும் தள்ளினேன். மகாவும் கூடவே ஓடிவந்தாள். அவள் தேர்வு பாதியில் நிற்கிறது என்ற நினைப்பு எனக்கு அப்போது வரவில்லை. அவளுக்கு வந்திருக்கும். வந்தும் அவள் கையை விடவில்லை.

ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. ஊசி போடலாம். ஆனால் நூற்றில் சிலருக்கு அந்த ஊசியே மூளையில் ரத்தம் கசிய வைத்து உயிருக்கு உலை வைக்கும். மகன் திருபுவனை பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தான், போனில் கிடைத்தான், "நீங்க பாத்து செய்ங்க டாக்டர்" என்று அழுதான். அஞ்சலைக்கு நினைவு தெளிவாக இருந்தது, சொல்வது புரியும். அவரைக் கேட்காமல் போட எனக்கு மனசில்லை.

அப்போதுதான் அடுத்த அடி விழுந்தது. கட்டிலோரம் குனிந்து, "அஞ்சலை, உனக்கு ஒரு க்ளாட்… ப்ரெய்ன்ல… இந்த இன்ஜெக்ஷன்ல ஒரு ரிஸ்க்…" என்று ஆரம்பித்தேன். மேலே போகவில்லை. இந்த விஷயத்தை எத்தனையோ தடவை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூட ஒரு நோயாளிக்குத் தமிழில் சொன்னதில்லை. அந்த வேலையை எப்போதும் ஹவுஸ் சர்ஜன்களிடம் விட்டுவிட்டிருந்தேன். எனக்கும் அன்றைக்கு இங்கிலீஷ்தான் வந்தது. அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரம் ஓடியது.

"நான் சொல்லட்டுமா மேடம்?" என்றாள் மகா.

தலையாட்டினேன்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். "அம்மா, இங்க பாருங்க. நெஞ்சுல ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மேல போயி பேச்சு வர்ற வழிய அடச்சிக்கிச்சு. அதனாலதான் நீங்க நெனக்கறது வாயில வரல. புத்தி எங்கயும் போவல, பயப்படாதீங்க. கரைக்கறதுக்கு ஒரு ஊசி இருக்குது. கரஞ்சா பேச்சு வரலாம். ஆனா சில பேருக்கு ரத்தம் கசிஞ்சி இன்னும் மோசமாவும் ஆயிடும், உசுரு போனாலும் போவும். போடலன்னா இப்பிடியே நின்னுடலாம். நாங்க பக்கத்துலயே இருக்கறோம். போடலாம்னா எங்கையப் புடிச்சி அழுத்துங்க. வேணாம்னா விட்டுடுங்க."

பயமுறுத்தவுமில்லை, பூசி மெழுகவுமில்லை. புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு வரும் சங்கதி, ஒரு வார்த்தை குறையாமல் அதில் இருந்தது. வாய் பேசாத பெண் என்று நான் மார்க் போட்டவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

அஞ்சலை கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு மகாவின் கை நரம்பு புடைக்கும் அளவுக்கு அழுத்தினார்.

ஊசி போட்டோம். ஒரு மணி நேரம் நான் கட்டிலோரத்து நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்குத் தெரிந்த அத்தனை தெய்வத்தையும் கூப்பிட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பக்கமாக மகா சும்மா இருக்க முடியாமல் மறுபடி கேட்டாள். "அம்மா, சாப்டீங்களா?"

அஞ்சலையின் உதடு அசைந்தது. நெற்றி சுருங்கியது.

"உப்பு…" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "உப்பில்ல" என்றார்.

சிஸ்டர் சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். ஒரு மனுஷி தன் மொழிக்குள் திரும்பி வந்ததை அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்தேன். பிரசவம் பார்த்திருக்கிறேன், நின்ற இதயம் மறுபடி ஓடியதைப் பார்த்திருக்கிறேன். எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

மத்தியானம் ஹாலுக்குத் திரும்பினோம். வெளித் தேர்வாளர் மற்றவர்களை முடித்துவிட்டு, மகாவின் தாளை மட்டும் எடுத்துத் தனியாக வைத்திருந்தார். விதிப்படி அவளுக்கு இன்னொரு நோயாளி, இன்னொரு பத்து நிமிஷம் கொடுத்தார். அவள் இங்கிலீஷ் மத்தியானமும் மோசமாகத்தான் இருந்தது. வித்தியாசம் என்னவென்றால், அவள் பேச்சு நின்றபோதெல்லாம் அந்த மனிதர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். காத்திருந்தால் வார்த்தை வந்தது. அவ்வளவு சின்ன விஷயம். போன தடவை அந்த இரண்டு நிமிஷத்துக்கு மேல் இன்னொரு நிமிஷம் நான் கொடுத்திருந்தால் அவள் எப்போதோ வெள்ளைக் கோட்டு போட்டிருப்பாள். மார்க் தாளில் கையெழுத்துப் போடும்போது அவர் சொன்னது ஒன்றுதான். "காலையிலேயே இவள் பாஸ். இது சம்பிரதாயம்."

உங்களிடம் நான் இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது, மகாவே அதை இங்கிலீஷில் சொன்னதால்தான் அந்த வடக்கத்திக்காரருக்குப் புரிந்தது. முசியே போட்ட சட்டத்தை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு பிள்ளை உங்கள் முன்னால் வாயடைத்து நின்றால், ஒன்றும் தெரியாமல் நிற்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு பிள்ளை கடகடவென்று ஒப்பித்தால், எல்லாம் தெரியும் என்றும் முடிவு கட்டாதீர்கள். தமிழில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

சில மாதம் ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை கொடுத்து, பிறகு அஞ்சலையின் வால்வைப் பலூன் விட்டு விரித்தோம். இந்தத் தடவை கேட்டது மகா, அவள் ஹவுஸ் சர்ஜன் ஆகியிருந்தாள். என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது எனக்கு எதுவும் கேட்கவில்லை. பத்து வருஷமாக ஒரு கல்லூரிக்கே பாடம் நடத்திய இடி ஓய்ந்து, லப் டப் என்று ஒரு சாதாரண இதயம் துடித்தது. அந்த அமைதியை நான் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நோட்டிலிருந்து அவர் பெயரை அடிக்கச் சொன்னேன். ஆனால் நான் ஓய்வு பெறுவதற்கு முன் நடத்திய கடைசி மாதிரித் தேர்வுக்கு, யாரும் கூப்பிடாமலே ஒயர் கூடையோடு வந்து நின்றார். எப்படியோ தெரிந்துகொண்டிருக்கிறார்.

"உன்கிட்ட இப்ப அந்தச் சத்தம் இல்லயே அஞ்சலை" என்றேன்.

"சத்தம் இல்லன்னா என்னா டாக்டரம்மா? நான் இருக்கறன் இல்ல?"

படுக்க வைத்தேன். அப்போது எங்கள் வார்டில் வேலையிலிருந்த மகாவைக் கட்டிலின் தலைமாட்டில் நிறுத்தினேன். வாட்ஸாப் குறிப்பு அப்படியேதான் இருந்தது போலிருக்கிறது. அஞ்சலை ஒருக்களித்துப் படுத்து, பழையபடி, "காத வச்சிக் கேளு கண்ணு. என்னா கேட்டுச்சு?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். மூன்று பேர் காதை வைத்துவிட்டு, இல்லாத இடியை இங்கிலீஷில் எனக்கு முழுசாக ஒப்பித்தார்கள். அஞ்சலை வாயைத் திறக்கவில்லை.

நாலாவதாக வந்த பெண் ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு தடவை வைத்துக் கேட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், மகாவைப் பார்த்தாள். இங்கிலீஷ் வரவில்லை. நான் காத்திருந்தேன்.

கடைசியில் அவள் அஞ்சலையிடமே குனிந்து, அழுதுவிடுகிற குரலில் சொன்னாள். "ஒண்ணும் கேக்கலம்மா."

அஞ்சலை அவள் தாடையைப் பிடித்து ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டாக்டரம்மா, இது டாக்டராயிடும்."